உடல் தேறிய பின்னர்

நோய் நீங்கியதும் துன்பமும் நீங்கிற்று என்றே உலகம் கருதும். நாமும் ஒருகால் அவ்வாறே கருதியிருந்தோம்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் நிமோனியாக் காய்ச்சலாற் பீடிக்கப்பட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவிற் பன்னிரண்டு நாட்கள் கிடந்தோம். சுவாச இயந்திரத்தின் துணையாலேயே உயிர் தங்கியது. வீடு திரும்பிய அன்று இல்லத்தார் நல்லூரில் அருச்சனை செய்வித்தனர். "மாஸ்ரருக்கு இது மறுபிறப்பு" என்று அயலார் மகிழ்ந்தனர்.

நமக்கோ மகிழ்ச்சி வரவில்லை. கண்ணை மூடினால், எவரோ நம் கைகளைக் கட்டி இருண்ட கிடங்கொன்றுக்கு இழுத்துச் செல்லும் காட்சி தோன்றும். மெய்யாக நடந்தது என்றே நம்பினோம். நூறு முறை படிப்பித்த நன்னூற் சூத்திரம் வகுப்பில் நாவுக்கு வரவில்லை. பிள்ளைகளின் சிறு சத்தத்திற்கும் சீறினோம். உயிர் பிழைத்தவன் முறையிட்டால் அது நன்றிகெட்ட செயலாகாதா என்றஞ்சி ஒருவருக்கும் உரைத்திலோம்.

ஓரிரவு அலறி எழுந்தபோது மனைவியார் அலுமாரியிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து வந்தார். அந்நாட்களில் வைத்தியசாலை வாங்கில் இருந்தபடி அவர் எழுதியது. "ஐந்தாம் நாள்: குழாயை இழுப்பதால் தாதிமார் கையைத் துணியாற் கட்டியிருக்கிறார்கள். இரவு ஸ்கான் எடுக்கத் தள்ளிக்கொண்டு போனார்கள். வழியில் வெளிச்சம் இல்லை. நானும் கூடப் போனேன்."

இருமுறை வாசித்தோம். கிடங்கு எதுவென்று விளங்கிற்று. மறுநாளே வைத்தியரிடம் யாவற்றையும் கூறினோம். அவர் மனநல வைத்தியரிடம் அனுப்பினார். தேறுவதற்கு மாதங்கள் பல சென்றன.

கடும் நோயும் மயக்க மருந்தும் உறக்கமின்மையும் மூளையைக் குழப்ப, பொய்க்காட்சிகள் மெய்போற் பதிகின்றன என்று வைத்தியர் விளக்கினார். கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியதையடுத்து 1953 இல் தீவிர சிகிச்சைப் பிரிவு தோன்றியது. ஆனால், பிழைத்தோரைத் தொடரும் அச்சம், மனச்சோர்வு, மறதி, உடற்றளர்ச்சி ஆகியவற்றைத் தொகுத்துக் குறிக்கும் வைத்தியப் பெயர் 2012 இலேயே வெளியாயிற்று. டென்மார்க், சுவீடன் முதலிய நாடுகளில் தாதியரே நோயாளருக்காக நாட்குறிப்பு எழுதுகின்றனர். மனைவியார் இவற்றை அறியார். நாம் எழுந்ததும் கேட்போம் என்றே எழுதினாராம். நாமோ கேட்கவில்லை.

உங்கள் வீட்டிலும் ஒருவர் இவ்வாறு மீண்டு வந்திருக்கலாம். "சாப்பிட்டீர்களா?" என்பதுடன் நில்லாது, "இரவில் என்ன காண்கிறீர்கள்?" என்றும் கேளுங்கள். அவர் கூறுவதை நகையாது செவிமடுங்கள். அச்சம் நீடித்தால் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். உயிரைக் காத்த மருந்தைப் போலவே அதுவும் அவருக்கு வேண்டியதாகும்.