மாடிக் குடித்தனம்

‘வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்’ என்பது பழமொழி. வீட்டைக் கட்டி முடித்தவருக்கு அதன் பின்னும் ஒரு பொறுப்பு வந்து சேர்வதுண்டு. கட்டிய வீட்டின் ஒரு பகுதியை இன்னொரு குடும்பத்திற்கு வாடகைக்கு விடுவதே அது. வீட்டு உரிமையாளர் என்றவுடன் பல கட்டடங்களுக்குச் சொந்தக்காரரான செல்வர் ஒருவரே பலர் நினைவிலும் தோன்றுவார். ஆனால் கீழ்த்தளத்தில் தாம் குடியிருந்து மாடியை மட்டும் வாடகைக்கு விடுவோர் உளர். ஓய்வுக்காலச் சேமிப்பைக் கொண்டு சிறு வீடு ஒன்றை வாங்கி, அதன் வாடகையை நம்பி வாழ்வோர் உளர். பிழைப்பு நாடி வேற்று மாநிலம் சென்று, சொந்த ஊர் வீட்டைப் பூட்டி வைக்க மனமின்றி வாடகைக்கு விட்டோரும் உளர்.

திருவரங்கத்தில் அத்தகைய வீடு ஒன்று உண்டு. தந்தை விட்டுச் சென்ற பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, வங்கிக் கடன் பெற்றுக் கீழும் மேலுமாக இரு பகுதிகளைக் கட்டினார் மகன். கீழ்ப்பகுதியில் அவருடைய தாய் தனியே வாழ்கிறார். மகன் பணிபுரிவது தில்லியில். அங்கே மனைவி மக்களோடு மூன்றாம் மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறார். ஆகவே அவர் தில்லியில் வாடகை கொடுப்பவர். திருவரங்கத்தில் வாடகை பெறுபவர். தராசின் இரு தட்டுகளிலும் அவரே நிற்கிறார்.

முதலில் எழுந்த வினா, வாடகை எவ்வளவு என்பது. அக்கம்பக்கத்தில் விசாரித்து மாதம் 8,000 ரூபாய் என்று முடிவு செய்தனர். ஆண்டுக்கு 96,000 ரூபாய் வரும் என்று தாய் கணக்கிட்டார். ஆனால் ஒரு குடும்பம் காலி செய்து மறு குடும்பம் வருவதற்குள் வெள்ளையடிக்கவும் ஆள் தேடவும் ஒரு மாதம் கழிந்துவிட்டால், அவ்வாண்டின் வருவாய் 88,000 ரூபாயே. அதிலிருந்து சொத்து வரி, மோட்டார் பழுது, தொட்டி கழுவும் கூலி ஆகியவற்றையும் கொடுக்க வேண்டும். வருமான வரிச் சட்டமும் இதனை உணர்ந்தே அமைந்துள்ளது. வாடகையிலிருந்து செலுத்திய சொத்து வரியைக் கழித்து, எஞ்சிய தொகையில் 30 விழுக்காட்டையும் கழித்துக்கொள்ள அது இடம் தருகிறது. கைக்கு வரும் வாடகை முழுவதும் வருமானம் அன்று என்பதைத் தாய் முதல் ஆண்டிலேயே அறிந்துகொண்டார்.

அடுத்த வினா இன்னும் கடினமானது. யாருக்கு வீடு கொடுப்பது? பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை செய்யும் பீகார் மாநிலத்தவர் ஒருவர், மனைவியுடனும் சிறு மகளுடனும் வந்து மாடியைக் கேட்டார். தாய் தயங்கினார். அவர்கள் மொழி தமக்குத் தெரியாது. என்ன சமைப்பார்களோ, எப்படிப் பழகுவார்களோ என்று தொலைபேசியில் மகனிடம் கூறினார். மகன் சற்று நேரம் பேசவில்லை. தில்லியில் அவர் முதன்முதலாக வீடு தேடி அலைந்த நாள்களில், ‘மதராசிகளுக்கு வீடு இல்லை’ என்று கூறிக் கதவைச் சாத்தியவர்கள் உண்டு. “அம்மா, இங்கே எனக்கு வீடு கொடுத்தவர் என் மொழியைக் கேட்கவில்லை, வேலையையும் முகவரியையும்தான் கேட்டார். நீங்களும் அவற்றை மட்டும் கேளுங்கள்” என்றார். தாய் அவ்வாறே கேட்டார். பணிச் சான்றையும் அடையாள அட்டையின் படியையும் வாங்கி வைத்துக்கொண்டு மாடியைக் கொடுத்தார்.

நம்பிக்கை மட்டும் போதாது. அது எழுத்திலும் இருத்தல் வேண்டும். வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் 11 மாதங்களுக்கே எழுதப்படுவதற்குக் காரணம் உண்டு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். மாநிலத்திற்கு மாநிலம் வேறு விதிகளும் உள. மகாராட்டிரத்தில் வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் பொறுப்பு வீட்டு உரிமையாளருடையது. தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டு இயற்றப்பெற்று 2019இல் நடைமுறைக்கு வந்த சட்டம், ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்யச் சொல்கிறது.

முன்பணத்திலும் ஊருக்கு ஊர் வழக்கம் மாறும். பெங்களூரில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். ஒன்றிய அரசு 2021இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்பு வீடுகளுக்கு இரண்டு மாத வாடகையே உச்ச அளவு என்கிறது. தமிழ்நாட்டுச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்டல் கூடாது. எவ்வளவு வாங்கினாலும் முன்பணம் வருமானம் அன்று. திருப்பித் தரவேண்டிய கடன். அதனைச் செலவழித்துவிட்ட உரிமையாளர், குடியிருப்பவர் காலி செய்யும் நாளில் திகைத்து நிற்பார். தாய் அத்தொகையை வங்கியில் தனியே இட்டு வைத்தார்.

குடிவந்த பின்னர் எழும் பிணக்குகளுள் பெரும்பாலானவை சிறு பழுதுகளால் வருவன. குழாய் ஒழுகினால் சரிசெய்வது யார்? சுவரில் ஈரம் கசிந்தால் செலவு யாருடையது? சட்டம் இதற்கும் பட்டியல் தந்துள்ளது. கட்டடத்தின் பெரும்பழுது, வெள்ளையடித்தல், மின்கம்பிகளைச் சீரமைத்தல் ஆகியவை உரிமையாளர் கடமை. குழாயின் வாசர் மாற்றுதல், மின்விசைப் பொத்தான், பூட்டு, சன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவர் கடமை. இவற்றை முதல் நாளே இருவரும் படித்துக்கொண்டால் பின்னர் வாக்குவாதம் குறையும்.

இரண்டாம் ஆண்டில்தான் உண்மையான சோதனை வந்தது. மாடியில் குடியிருந்தவரின் மனைவி நோயுற்றார். மருத்துவச் செலவு மிகுந்து, இரண்டு மாத வாடகை நின்றுபோயிற்று. கீழ்வீட்டுத் தாயின் மருந்துகளும் அந்த வாடகையில்தான் வாங்கப்பட்டன. வங்கிக் கடன் தவணையும் காத்திராது. “தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிடுங்கள்; தானாகக் காலி செய்வார்கள்” என்று பக்கத்து வீட்டார் யோசனை கூறினர். வாடகை நிலுவைக்காக நீரையோ மின்சாரத்தையோ நிறுத்தச் சட்டம் இடம் தரவில்லை என்று மகன் எடுத்துரைத்தார். இரண்டு மாத வாடகை நிலுவையானால் அறிவிப்பு அனுப்பவும், பின்னர் வாடகை நீதிமன்றத்தை நாடவும் உரிமையாளருக்கு வழி உண்டு. அவ்வழியையும் அவர் எண்ணிப் பார்த்தார். முதலில் நேரில் பேசுவோம் என்று முடிவாயிற்று. நிலுவையான 16,000 ரூபாயை, மாத வாடகையோடு 2,000 ரூபாய் வீதம் எட்டு மாதங்களில் செலுத்துவதென ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டனர். அந்த எட்டு மாதங்களும் மகனுக்கு எளிதாக இல்லை. தம் வீட்டுச் செலவைச் சுருக்கியே தாயின் மருந்துக்குப் பணம் அனுப்பினார். ஆயினும் நிலுவை முழுவதும் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு முறையும் தாய் ரசீது எழுதிக் கொடுத்தார்.

சிறு உரிமையாளரின் துன்பமும் குடியிருப்பவரின் துன்பமும் ஒரே கூரையின் கீழ் வாழ்பவை. ஒருவருடைய வாடகை மற்றொருவருடைய மருந்தாக இருக்கலாம். ஒருவருடைய சினம் மற்றொருவரைத் தெருவில் நிறுத்தலாம். ஆதலால் உரிமையைத் தெளிவாக எழுதி வைப்பதும், இடர் வரும்போது மனம்விட்டுப் பேசுவதும் இருவர்க்கும் காப்பாகும். தமிழில் ‘குடி’ என்னும் சொல்லிலிருந்தே குடித்தனம், குடியிருப்பு, குடிமகன் என்னும் சொற்கள் கிளைத்தன. வாடகைக்கு வருபவரைக் ‘குடித்தனக்காரர்’ என்று தமிழர் அழைப்பது, அவரும் அங்கே ஒரு குடும்பமாக வாழ வந்தவர் என்பதனாலேயே.

சிந்தித்து விடை எழுதுக:

1. ‘தராசின் இரு தட்டுகளிலும் அவரே நிற்கிறார்’ – இத்தொடரின் பொருளை விளக்குக.
2. முன்பணம் வருமானம் அன்று எனக் கூறப்படுவது ஏன்?
3. பக்கத்து வீட்டார் கூறிய யோசனையை மகன் ஏற்காமைக்குரிய காரணம் யாது?
4. உங்கள் குடும்பம் வசிக்கும் வீட்டின் வாடகை ஒப்பந்தத்தில் அல்லது உங்கள் சொந்த ஊர் வீட்டின் ஒப்பந்தத்தில் என்னென்ன எழுதப்பட்டுள்ளன எனப் பெற்றோரிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.