மதிப்பெண் இல்லாத 50 கேள்விகள்

முனைவர் பட்டம் வாங்கியாயிற்று. மேற்பார்வையில் வேலை பார்த்த மணிக்கணக்கும் முடிந்தது. ஆனாலும் அமெரிக்காவில் உளவியலாளர் என்று பெயர்ப்பலகை மாட்ட அவளுக்கு ஒரு தேர்வு பாக்கி: இபிபிபி.

நாலேகால் மணி நேரம், 225 கேள்விகள். அதில் 50-க்கு மதிப்பெண்ணே கிடையாது. வருங்காலத் தேர்வுகளுக்கு வெள்ளோட்டம் பார்க்கிறார்கள். எந்த 50 என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். உளவியல் படித்தவர்களுக்கே இந்த உளவியல் சோதனை!

சீட் பெல்ட் மாட்டும்வரை கார் கத்துகிறது, மாட்டியதும் அடங்குகிறது. இது தண்டனையா, எதிர்மறை வலுவூட்டலா? இரண்டாவதுதான். தெரிந்தும், மாதிரித் தேர்வில் மூன்று முறை தப்பாகக் குறித்தாள். இப்போதெல்லாம் காரில் ஏறியதும் பெல்ட்டைத் தொடாமல் கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள்.

தேர்வில் நெறிமுறைப் பகுதிக்கு 16 சதவீதம், ஆராய்ச்சி முறைகளுக்கும் புள்ளியியலுக்கும் சேர்த்து வெறும் 7. அவள் ராத்தூக்கம் கெடுவதென்னவோ அந்த ஏழால்தான்.

ஃபிரிட்ஜ் கதவில், குழந்தைகளின் அறிவு வளர்ச்சி பற்றி உளவியலாளர் பியாஜே சொன்ன நான்கு படிநிலைகள் ஒட்டியிருக்கின்றன. பால் எடுக்கப் போகிறவள், மூன்றாவதில் தடுக்கி, கதவைத் திறக்காமலே திரும்பிவிடுகிறாள்.