ஜிடிபிக்கு ஒரு ஜன்னல்

தலைப்பைப் பார்த்துட்டு நாட்டோட பொருளாதாரத்தைப் பத்தி ஏதோ பெருசா எழுதியிருக்கேன்னு நினைச்சு வந்தவங்க பொறுத்துக்கணும். தமிழ்ல எழுதும்போது ரெண்டு 'பி'யும் ஒண்ணாயிடுது, நான் என்ன செய்ய? நான் சொல்றது க்னூ டிபக்கர். சி, சி பிளஸ் பிளஸ்ல பொட்டி தட்டிப் பொழைக்கிற நம்ம சனங்களுக்கு அது குலதெய்வம் மாதிரி. வருஷம் பூரா மறந்துடுவோம், ப்ரொகிராம் மண்டையைப் போட்டா மட்டும் ஓடுவோம்.

பொட்டி தட்டாதவங்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். ஓடுற பஸ்ஸை நடுவழியில நிறுத்தி ஒவ்வொருத்தர் கையிலயும் டிக்கெட் இருக்கான்னு பார்ப்பாரே செக்கிங் இன்ஸ்பெக்டர், அந்த வேலையைத்தான் டிபக்கர் ப்ரொகிராமுக்குச் செய்யுது. எந்த வரியில நிறுத்தச் சொல்றோமோ அங்க நிறுத்தும். எந்த வேரியபிள்ல என்ன இருக்குன்னு கேட்டா சொல்லும். எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டு இங்க வந்து சேர்ந்தோம்னு வம்சாவளியையே ஒப்பிக்கும். 1986ல ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதினது. இன்னிக்கும் வெறுமனே திறந்தா அதே முகம்தான்: கறுப்புத் திரை, ஒரு ப்ராம்ப்ட், பக்கத்துல கண் சிமிட்டுற கர்சர். கேட்டா பதில் சொல்லும். கேட்கலைன்னா வாயே திறக்காது.

இந்தக் கறுப்புத் திரைக்கு மேல ஜன்னல், பட்டன், படம்னு அலங்காரம் பண்ணிக் குடுக்கிற மென்பொருள்கள் நிறைய இருக்கு. அதைப் பயன்படுத்தலாமா கூடாதாங்கிறதுல நம்ம துறையில ரெண்டு கட்சி. கறுப்புத் திரை கட்சி சொல்லும்: "மவுசைப் புடிச்சு டிபக் பண்றவன்லாம் என்ஜினியரா?" மவுஸ் கட்சி சொல்லும்: "இந்தக் காலத்துலயும் கமாண்ட் மனப்பாடம் பண்ணணுமா?" ரெண்டு கட்சியும் கேட்கிற கேள்வியே எனக்கு ஒப்பல. ஜன்னல் வேணுமா வேண்டாமாங்கிறது விஷயமில்ல. அந்த ஜன்னல் வழியா உள்ள நடக்கிறது தெரியுதா, இல்ல ஜன்னல்ல ஒட்டின படம்தான் தெரியுதாங்கிறதுதான் விஷயம்.

எனக்குப் புடிச்ச ஜன்னல் டிடிடி. டேட்டா டிஸ்ப்ளே டிபக்கர்னு முழுப்பேர். 1990கள்ல ஆண்ட்ரியாஸ் ஸெல்லரும் டொரோத்தியா லூட்கேஹவுஸும் எழுதினது. பார்க்க அந்தக் காலத்து மோட்டிஃப் பட்டன்களோட, தாத்தா வீட்டு மர பீரோ மாதிரிதான் இருக்கும். அழகுப் போட்டிக்கெல்லாம் அனுப்ப முடியாது. பேர்ல டிபக்கர்னு இருந்தாலும் அது டிபக்கரே இல்லைங்கிறதுதான் முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது. உள்ள உட்கார்ந்து வேலை பார்க்கிறது ஜிடிபிதான். டிடிடி வெறும் துபாஷி. பாண்டிச்சேரியில துய்ப்ளேக்ஸ் துரைக்கு ஆனந்தரங்கப் பிள்ளை இருந்தாரே, அந்த உத்தியோகம். நாம மவுசால சொல்றதை அது ஜிடிபியோட பாஷையில சொல்லும், ஜிடிபி சொல்றதை வாங்கி நமக்குப் படமா காட்டும்.

இதுல அருமையான சங்கதி ஒண்ணு இருக்கு. டிடிடி ஜன்னலோட அடியில ஜிடிபியோட ப்ராம்ப்ட் அப்படியே திறந்து கிடக்கும். நீங்க 'நெக்ஸ்ட்' பட்டனை அமுக்கினா கீழ ப்ராம்ப்ட்ல 'நெக்ஸ்ட்'னு கமாண்ட் வந்து விழும். ஒரு வரிக்கு இடதுபக்கம் ரெட்டை க்ளிக் பண்ணி ஸ்டாப் போர்டு வச்சா, கீழ 'பிரேக்'னு ஃபைல் பேரும் வரி நம்பருமா வரும். மவுஸ் பிடிக்காட்டி அதே ப்ராம்ப்ட்ல நேரா டைப் பண்ணலாம், மேல இருக்கிற படமும் கூடவே மாறும். துபாஷி ரெண்டு பேர் காதுலயும் விழற மாதிரி சத்தமா பேசுறான். பாஷை தெரியாம வந்தவன்கூட ஒரு மாசம் பக்கத்துல உட்கார்ந்தா பாதி பாஷையைக் கத்துக்கிட்டுப் போயிடுவான்.

இது சும்மா தத்துவம் இல்ல, கண்ணால பார்த்திருக்கேன். எங்க டீம்ல காலேஜ் முடிச்ச கையோட ஒரு பொண்ணு வந்து சேர்ந்தா. நாங்க பார்க்கிறது ஃபேக்டரி மெஷினைக் கட்டுப்படுத்துற சி ப்ரொகிராம், எனக்கு மீசை முளைக்கிறதுக்கு முன்னாடி எழுதின கோடு. எங்கே பார்த்தாலும் பாயிண்டர். பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம், பாயிண்டரை இங்கிலீஷ்ல மனப்பாடம் பண்ணித்தான் பரீட்சை எழுதியிருக்கா. பாயிண்டர்னா என்னன்னு கேட்டா டெஃபனிஷனை கடகடன்னு சொல்லுவா. இந்த லிஸ்ட்ல மூணாவது ஆள் யாருன்னு கேட்டா முழிப்பா. எங்க லீடு நல்ல வேலைக்காரர், ஆனா கறுப்புத் திரை கட்சியோட மாவட்டச் செயலாளர். "ரெண்டு மாசம் பார்ப்போம், தேறலைன்னா ப்ரொபேஷனை முடிச்சு அனுப்பிடலாம்"னு என்கிட்டயே சொன்னார். அவ சம்பளத்துலதான் தம்பி காலேஜ் ஃபீஸ் கட்டணும்னு எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

ஒருநாள் மத்தியானம் அவ பொட்டியில டிடிடியைப் போட்டுக் குடுத்தேன். லிஸ்ட்டோட தலையை எடுத்து டேட்டா ஜன்னல்ல வச்சேன். ஒரு பொட்டி வந்துது, உள்ள ஒரு நம்பர், கீழ 'நெக்ஸ்ட்'னு ஒரு அட்ரஸ். "அந்த அட்ரஸை ரெட்டை க்ளிக் பண்ணு"ன்னேன். பக்கத்துல இன்னொரு பொட்டி முளைச்சுது, நடுவுல ஒரு அம்புக்குறி. மறுபடி க்ளிக், இன்னொரு பொட்டி. அவ ஒண்ணும் பேசல. பத்து நிமிஷம் க்ளிக் பண்ணிக்கிட்டே இருந்தா. அப்புறம் 'நெக்ஸ்ட்' அமுக்கி ப்ரொகிராமை ஒவ்வொரு வரியா நடத்தினா. ஒரு நோடை எடுக்கிற வரி வந்ததும் அம்புக்குறி ஒண்ணு அந்தப் பொட்டியைத் தாண்டி அடுத்ததுக்குப் போச்சு. "அண்ணா, இவ்ளோதானா?"ன்னா. இவ்ளோதான். நாலு வருஷம் அதை யாரும் அவளுக்கு ஓடவிட்டுக் காட்டல, அவ்ளோதான்.

அடுத்த ஆறு வாரம் டிடிடியும் அவளுமா இருந்தாங்க. கீழ விழற கமாண்டையெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கிட்டா. லீடு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் "என்ன, படம் பார்த்தாச்சா?"ன்னு கேட்டுட்டுப் போவார்.

அப்புறம் வந்துது ஆணி. ஒரு கஸ்டமர் இடத்துல ப்ரொகிராம் தொங்கிடுச்சு. சிபியு நூறு பர்சென்ட், மெஷின் நின்னு போச்சு. லீடு ஊர்ல இல்ல. கஸ்டமர் குடுத்ததோ ஒரு எஸ்எஸ்ஹெச் கனெக்ஷன். அந்தப் பக்கம் ஜன்னல், மவுஸ் எதுவும் கிடையாது, நெட் ஆமை வேகம். வெறும் கறுப்புத் திரை. நான் வேற ஒரு காலில் மாட்டிக்கிட்டிருந்தேன், முதல்ல உட்கார்ந்தது அவதான். நல்லவேளை, அந்த பைனரி மைனஸ் ஜி போட்டு பில்ட் பண்ணினது.

நான் வந்து பார்க்கும்போது ஜிடிபியை அந்த ப்ராசஸோட ஒட்டி, பேக்டிரேஸ் எடுத்து, டைமர் லிஸ்ட்டைச் சுத்துற ஃபங்ஷன்லதான் மாட்டிக்கிட்டு நிக்குதுன்னு கண்டுபுடிச்சிருந்தா. 'பிரின்ட்' போட்டு லிஸ்ட்டோட முதல் நோடைப் பார்த்தா. அதுக்கப்புறம் அடிச்சதுதான் எனக்கு ஆச்சரியம்: பிரின்ட், ஸ்டார், டாலர், புள்ளி, நெக்ஸ்ட். ஜிடிபியில டாலர்னா கடைசியா காட்டின மதிப்பு. வெறும் என்டர் தட்டினா போன கமாண்டே மறுபடி ஓடும். அதனால ஒருதரம் இதை அடிச்சுட்டு என்டர், என்டர், என்டர்னு தட்டிக்கிட்டே போனா லிஸ்ட்டுல ஒவ்வொரு ஆளா நடந்து போகலாம். டிடிடியில ரெட்டை க்ளிக் பண்ணிப் பண்ணிப் போனாளே, அதே நடைதான். ஜிடிபி கையேட்டுல இருக்கிற வித்தை, தானே தேடிப் படிச்சிருக்கா.

ஒவ்வொரு என்டருக்கும் பக்கத்துல ஒரு பேப்பர்ல பொட்டி போட்டு, உள்ள அட்ரஸோட கடைசி நாலு எழுத்தை எழுதி, அம்புக்குறி போட்டா. 92ஏ0, 92சி0, 92இ0. நாலாவது என்டர். பேனா நின்னுடுச்சு. "அண்ணா, இந்த அட்ரஸ் ஏற்கெனவே வந்துடுச்சு." அம்புக்குறியை வளைச்சு முதல் பொட்டிக்கே கொண்டுபோய் விட்டா. வட்டம்.

காரணம் ரொம்ப எளிசு. லிஸ்ட் ஏ, பி, சின்னு இருக்கு. சிங்கிற டைமரை நிறுத்தாமலே மறுபடி ஸ்டார்ட் பண்ணிட்டாங்க. கோடு அதைப் புது ஆள்னு நினைச்சு வரிசையோட தலையில கொண்டுபோய் நிறுத்துது: சியோட அடுத்தது ஏ. ஆனா பியோட அடுத்தது இன்னும் சியேதான். சி, ஏ, பி, மறுபடி சி. முடிவே இல்லாத கோயில் பிரகாரம். ப்ரொகிராம் சுத்திக்கிட்டே கிடந்துச்சு. சேர்க்கிறதுக்கு முன்னாடி ஏற்கெனவே இருக்கான்னு பார்க்கிற ரெண்டு வரி போட்டதும் சரியாச்சு.

லீடு திரும்பி வந்தப்ப, அதே பழுதை நம்ம மெஷின்ல வரவச்சு டிடிடியில அவருக்குக் காட்டினோம். அதுல 'டிடெக்ட் அலையாசஸ்'னு ஒரு வசதி உண்டு. அதைப் போடலைன்னா க்ளிக் பண்ணப் பண்ணப் புதுப் பொட்டி முளைச்சுக்கிட்டே போகும். போட்டா ஒரே அட்ரஸ்ல இருக்கிற ரெண்டு பொட்டியும் ஒண்ணா சேர்ந்து, வட்டம் வட்டமாவே தெரியும். அவர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். "இது நல்லாருக்கே"ன்னார். பதினஞ்சு வருஷமா கஸ்டமர் இடங்கள்ல வெறும் டெர்மினலோட மாரடிச்சவர் அவர். மவுசை மட்டும் நம்பினா ஒருநாள் நடுக்காட்டுல நிக்கவேண்டி வரும்னு அவர் பயந்ததும் நியாயம்தான். அந்தப் பொண்ணு வேலை நிரந்தரமாச்சு.

இதைப் படிச்சுட்டு ஜன்னல் எல்லாம் நல்ல ஜன்னல்னு முடிவுக்கு வந்துடாதீங்க. ஜன்னலுக்குன்னே சில வில்லங்கம் இருக்கு. வாட்ச் ஜன்னல்ல 'ஐ பிளஸ் பிளஸ்'னு ஒருத்தர் எழுதி வச்சா, ப்ரொகிராம் நிக்கிற ஒவ்வொரு தடவையும் ஜிடிபி அதைக் கணக்குப் போடும், ஐயும் நிஜமாவே ஏறும். ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடுற மாதிரி அடைப்புக்குறியோட எழுதி வச்சா நிஜமாவே அந்த ஃபங்ஷன் ஓடும். நோய் பார்க்க வந்த டாக்டரே நோயைக் குடுக்கிற கதை. கறுப்புத் திரையில நீங்க கேட்டாத்தான் நடக்கும், என்ன கேட்டோம்னு உங்களுக்குத் தெரியும். ஜன்னல்ல கேட்காமலே நடந்துக்கிட்டிருக்கும். அதேமாதிரி ஆப்டிமைஸ் பண்ணின கோடுல அம்புக்குறி வரிக்கு வரி தவளை மாதிரி தாவும். தப்பு ஜன்னலோடது இல்ல, கம்பைலர் வரிசையை மாத்தி வச்சிருக்கு. உள்ள என்ன ஓடுதுன்னு தெரியாதவன் ஜன்னலை நாலு திட்டு திட்டிட்டுப் போவான்.

இப்ப நிறையப் பேர் விஎஸ் கோடுல டிபக் பண்றீங்க. லினக்ஸ்ல மைக்ரோசாஃப்ட்டோட சி பிளஸ் பிளஸ் எக்ஸ்டென்ஷனைப் போட்டிருந்தா, பெரும்பாலும் அடியில இருக்கிறது அதே ஜிடிபிதான். மனுஷன் படிக்கிறதுக்குன்னு ஜிடிபி எழுதுற வாக்கியத்தை ஒரு ப்ரொகிராம் படிச்சுப் புரிஞ்சுக்கிறது கஷ்டம், ஒரு வார்த்தை மாறினாலும் குழம்பிடும். அதனால மென்பொருள்கள் பேசுறதுக்குன்னே எம்ஐன்னு ஒரு தனி பாஷையை ஜிடிபியில வச்சாங்க. 2023 டிசம்பர்ல வந்த ஜிடிபி 14ல, விஎஸ் கோடு மாதிரி எடிட்டர்கள் பேசுற டிஏபி பாஷையையும் சேர்த்துட்டாங்க. துபாஷிகளுக்கு வேலை சுலபமாயிடுச்சு. ஆனா அவங்க இப்ப தனியறையில போய்ப் பேசுறாங்க, நம்ம காதுல எதுவும் விழறதில்ல.

கேட்கிறதுக்கு வழி இருக்கு மக்களே. டிபக் கன்சோல்ல 'மைனஸ் எக்ஸெக்'னு போட்டு, ஒரு இடம் விட்டு எந்த ஜிடிபி கமாண்டை வேணாலும் அடிக்கலாம். லாஞ்ச் ஃபைல்ல லாக்கிங்குக்குக் கீழ 'எஞ்சின் லாக்கிங்'கை ஆன் பண்ணினா அறைக்குள்ள நடக்கிற பேச்சு முழுக்கக் கொட்டும். ஒருநாளாவது அதைப் போட்டுப் பாருங்க. நாம ஒரு எஃப்10 அமுக்கினதுக்கு உள்ள எத்தனை பேச்சுவார்த்தை நடக்குதுன்னு தெரியும்.

புதுசா வர்ற பசங்களுக்கு எதைக் கத்துக்குடுக்கிறதுன்னு யாராவது கேட்டா நான் முதல்ல படத்தைக் காட்டுங்கன்னுதான் சொல்லுவேன். கூடவே அந்தப் படம் எந்தக் கமாண்டுல வந்துதுன்னும் காட்டுங்க. அந்தப் பொண்ணு இப்ப டிடிடியை அதிகம் திறக்கிறதில்ல, நேரா கறுப்புத் திரைதான். ஆனா மேசையில எப்பவும் ஒரு பேப்பரும் பேனாவும் இருக்கும்.

டிஸ்கி: உபுண்டு, டெபியன் ஆளுங்களுக்கு டிடிடி ஒரே ஒரு ஆப்ட் இன்ஸ்டால்தான். எழுத்து எறும்பு மாதிரி பொடிசா இருந்தா ப்ரிஃபரன்சஸ்ல மாத்திக்கலாம். மவுசே தொடமாட்டேன்னு சபதம் எடுத்த கறுப்புத் திரை கட்சிக்காரங்க ஜிடிபிக்குள்ள கன்ட்ரோல் எக்ஸ் அமுக்கிட்டு ஏ அமுக்குங்க. கோடு மேல, ப்ராம்ப்ட் கீழன்னு உங்களுக்கும் ஒரு குட்டி ஜன்னல் ரொம்ப நாளா உள்ளயே இருக்கு. கட்சியில யாருக்கும் சொல்லமாட்டேன்.