இ, இ1

சிற்றிதழ்களைச் சேர்ப்பதிலேயே ஆயுளைச் செலவிட்ட ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவருக்கு 2012இல் ஒரு தரவுத்தளம் அமைத்துக் கொடுத்தேன். மோங்கோடிபியில் பன்னிரண்டாயிரம் படைப்புகள். ஒவ்வொரு பதிவிலும் முதல் பக்கத்தின் படம். புனைபெயர்களுக்குப் பின்னிருந்தவர்களைக் கண்டறிவது அவருடைய தீராத வேட்கை. அதற்கென இரண்டு புலங்களைக் கேட்டு வாங்கினார்: 'உறுதியான இயற்பெயர்', 'ஊகித்த இயற்பெயர்'.

சில மாதங்களில் தேடல் ஊரத் தொடங்கியது. நான் புலப்பெயர்களைச் சந்தேகித்தேன். காரணம் இல்லாமல் இல்லை. மைஎஸ்க்யூஎல் போன்றவற்றில் புலத்தின் பெயர் அட்டவணையின் வரையறையில் ஒருமுறை இருந்தால் போதும். மோங்கோடிபியிலோ ஒவ்வொரு பதிவும் தன் புலப்பெயர்களைத் தானே சுமக்கிறது. அன்று அதில் தரவைச் சுருக்கிச் சேமிக்கும் வசதியும் இல்லை. அது 2015இல்தான் வந்தது. யூடிஎஃப்-8 குறிமுறையில் தமிழின் புள்ளிக்கும் கொம்புக்கும்கூட மூன்று பைட் ஆகும். 'ஊகித்த இயற்பெயர்' 46 பைட். 'இ1' நான்கே பைட். ஒரு கோடிப் பதிவுகளில் 42 கோடி பைட் மிச்சம்!

டிபேஸில் பத்து எழுத்துக்குள் பெயர் வைத்துப் பழகிய கை, எல்லாவற்றையும் குறுக்கினேன். "'ஆ' என்றால் ஆசிரியரா, ஆண்டா தம்பி?" என்று சிரித்தார். விளக்கத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

வேகம் கூடவில்லை. அவரிடம் இருந்தவை கோடிப் பதிவுகள் அல்லவே. பத்துப் புலங்களைக் குறுக்கியும் மிச்சமானது ஏறக்குறைய 5 எம்பி. படங்களோ 3 ஜிபி; அவருடைய மடிக்கணினியின் நினைவகம் 2 ஜிபி. இண்டெக்ஸ் இல்லாததால் ஒவ்வொரு தேடலுக்கும் எல்லாப் பதிவுகளும் படங்களோடு வட்டிலிருந்து ஏறி இறங்கின. படங்களைத் தனிக் கோப்புகளாக்கி, தலைப்புக்கும் ஆசிரியருக்கும் இண்டெக்ஸ் போட்டதும் கண்ணிமைப்பில் விடை வந்தது. புலப்பெயர்களைப் பழையபடி மாற்ற எனக்குச் சோம்பல்.

2016இல் அவர் காலமானார். இதழ்கள் பல கைகளுக்குப் போயின. பழைய நகல் இருந்த வட்டு பழுதாகிவிட்டது. அந்தத் தாளும் அகப்படவில்லை. அவர் மகள் கேட்டதற்காகச் சென்ற மாதம் தரவுத்தளத்தைத் திறந்தேன். 'இ'யிலும் பெயர்கள், 'இ1'இலும் பெயர்கள். எது உறுதி, எது ஊகம்? வரிசைப்படி 'இ'தான் உறுதியாக இருக்க வேண்டும் என்கிறது மனம். அதை நம்பி ஒருவரின் எழுத்தை இன்னொருவர் பெயரில் எழுதிவிட முடியுமா?

தவறான பெயர் ஒன்று எந்தப் புலத்தில் அகப்படுகிறதோ அதுவே ஊகம் என்று, எனக்கு நிச்சயமாகத் தெரிந்த இருபது புனைபெயர்களை வைத்துச் சோதித்தேன். இரண்டு புலங்களிலும் ஒரு பிழைகூட இல்லை. ஐயாவின் ஊகங்களும் சரியாகவே இருந்திருக்கின்றன.