கடன் வாங்கிக் கழித்தல்

மாலை மக்தபில் ஓத வரும் சிறுவர்க்கு ஒளுச் செய்யக் கற்பிக்கும்போது நான் நூல் எதையும் விரிப்பதில்லை. ஹவுலின் படிக்கட்டில் அவர்களை வரிசையாக அமர்த்தி, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு, "என்னைப் பார்த்துச் செய்யுங்கள்" என்பேன். என் உஸ்தாதும் எனக்கு அப்படியே கற்பித்தார். தம்மைத் தொழக் கண்டவாறே தொழுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களுக்குச் சொன்னதையும், மனிதனின் ஆயுளையும் ஆசையையும் விளக்கக் கோடுகள் வரைந்து காட்டியதையும் ஹதீஸ் நூல்களில் ஓதியிருக்கிறோம். கண்ணால் கண்டு கையால் செய்து கற்பது நமக்குப் புதிதன்று.

இவ்வளவும் அறிந்த நான், காலையில் தொடக்கப்பள்ளியின் இரண்டாம் வகுப்புக்குள் நுழையும்போது இவற்றையெல்லாம் செருப்போடு வாசலில் கழற்றி வைத்துவிடுவேன். உள்ளே கரும்பலகை, சுண்ணக்கட்டி, பிரம்பு ஆகிய மூன்றுமே என் துணை. மதரஸாவில் ஏழாண்டு ஓதி ஸனது பெற்று, பின்னர் ஆசிரியர் பயிற்சியும் முடித்து, 1993இல் பணியில் சேர்ந்தவன் நான். பாடம் என்றால் ஆசிரியர் சொல்வது, படிப்பு என்றால் மாணவர் திருப்பிச் சொல்வது என்பதே அன்று என் கொள்கை. வகுப்பு அமைதியாக இருந்தால் கல்வி நடக்கிறது என்று எண்ணிக்கொள்வேன்.

1998ஆம் ஆண்டு என்று நினைவு. 52இலிருந்து 27ஐக் கழிக்கும் கணக்கைப் பலகையில் எழுதினேன். "இரண்டிலிருந்து ஏழு போகாது. ஆகவே பக்கத்திலுள்ள ஐந்திடம் ஒன்று கடன் வாங்கு. இரண்டு பன்னிரண்டாகும். பன்னிரண்டில் ஏழு போனால் ஐந்து" என்று, எனக்குக் கற்பித்தபடியே கற்பித்தேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் பிள்ளை எழுந்து நின்றாள்.

"ஹஜ்ரத், கடன் வாங்குனா திருப்பிக் குடுக்க வேணாமா? அஞ்சுக்கு எப்பக் குடுக்குறது?"

வகுப்பு முழுவதும் சிரித்தது. என்னை எள்ளி நகையாடுகிறாள் என்று கொண்டேன். பிரம்பை எடுத்தேன். இரண்டு அடி, உள்ளங்கையில். அதன்பின் அந்த ஆண்டு முழுவதும் அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வகுப்பில் ஒழுங்கு நிலைத்ததென்று நான் மகிழ்ந்தேன். அவளுக்குக் கழித்தல் கடைசி வரை வரவில்லை. பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்து 35 என்றே எழுதிக்கொண்டிருந்தாள்.

செயல்வழிக் கற்றல் என்னும் முறை 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுவதும் பரவியபோது எங்கள் பள்ளிக்கும் வந்தது. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியார் கிராமத்துப் பிள்ளைகளுக்காக வகுத்த முறையே இதற்கு முன்மாதிரி. பெஞ்சுகள் வெளியேறின, பாய்கள் வந்தன. பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகை தீட்டப்பட்டது. அட்டைகளும் அவற்றுக்கான ஏணிப்படியும் வந்தன. ஒவ்வொரு பிள்ளையும் தன் படியைத் தானே கண்டு, தன் அட்டையைத் தானே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆசிரியர் தரையில் அமர வேண்டும். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த எனக்கு முழங்காலும் மடங்கவில்லை, மனமும் மடங்கவில்லை.

பெற்றோர்களுக்கும் பிடிக்கவில்லை. "பிள்ளைகளை விளையாட விட்டுட்டுச் சம்பளம் வாங்குறீங்களே ஹஜ்ரத்" என்று ஓர் உம்மம்மா பள்ளி வாசலில் நின்று கேட்டே விட்டார். என்னிடம் மறுமொழி இல்லை. நானும் அவர் கட்சியில்தான் இருந்தேன்.

ஆயினும் உத்தரவு உத்தரவே. தென்னை ஈர்க்கைச் சாண் அளவில் ஒடித்துக் கொண்டுவரச் சொன்னேன். முதல் வாரம் அவற்றில் வில் செய்தார்கள், அம்பு செய்தார்கள், ஒருவன் மற்றவன் காதைக் குடைந்தான். இரண்டாம் வாரம் நானே பத்துப் பத்தாகக் கட்டிக் கொடுத்தேன். அதுவும் தவறென்று பின்னரே தெரிந்தது. நான் கட்டிய கட்டு அவர்களுக்கு ஒரு பொருள், அவ்வளவே. "இதில் எத்தனை?" என்றால் "ஒண்ணு" என்றார்கள். தாமே எண்ணி, தாமே ரப்பர் வளையம் மாட்டிய பிறகுதான் அந்த ஒன்றுக்குள் பத்து இருப்பது அவர்களுக்குத் தெரிந்தது. பத்துக் கட்டுகள் சேர்ந்ததும் வாழைநாரால் சுற்றி நூறாக்கினார்கள்.

ஒரு நாள் ஒரு சிறுவனிடம் ஐந்து கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் இருந்தன. "இதில் இருபத்தேழை எனக்குக் கொடு" என்று கையை நீட்டினேன். இரண்டு கட்டுகளை எடுத்து என் கையில் வைத்தான். ஏழு உதிரி வேண்டும். அவனிடம் இருந்தவை இரண்டே. சற்று நேரம் குச்சிகளைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். பின்னர் ஒரு கட்டின் வளையத்தைக் கழற்றிப் பத்தையும் பாயில் கொட்டி, ஏழை எண்ணிக் கொடுத்தான். எஞ்சியவை இரண்டு கட்டும் ஐந்து உதிரியும். இருபத்தைந்து.

எவரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் கேட்டேன்: "யாரிடமடா கடன் வாங்கினாய்?"

அவன் விழித்தான். "யார்ட்டயும் வாங்கலயே ஹஜ்ரத்! இது எங்கிட்ட இருந்ததுதான். கட்டா இருந்துச்சு, அவுத்துட்டேன்."

அந்த இடத்திலேயே அமர்ந்துவிட்டேன். பத்தாண்டுகளுக்கு முன் அடி வாங்கிய பிள்ளையின் கேள்வி அப்போதுதான் என் செவியில் விழுந்தது. கழித்தலில் கடன் என்பதே இல்லை. ஒருவரும் ஒருவரிடமும் வாங்குவதில்லை. ஆகவே திருப்பிக் கொடுப்பதும் இல்லை. தன்னிடமுள்ள பத்தைக் கட்டவிழ்த்து ஒன்றுகளாக்கிக்கொள்கிறோம், அவ்வளவே. பாடத்தில் இருந்த பொய்ச் சொல்லை ஏழு வயதுப் பிள்ளை கண்டுகொண்டாள்; கற்பித்தவன் காணவில்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வந்து நெஞ்சைச் சுட்டது. அந்த வாரந்தான் மாலை மக்தபில் கடனைப் பற்றிச் சொல்லியிருந்தேன். கடனோடு இறந்த ஒருவருக்கு ஜனாஸாத் தொழுகை நடத்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தயங்கியதையும், தோழர் ஒருவர் அக்கடனைத் தாம் ஏற்ற பின்னரே தொழுவித்ததையும் விளக்கியிருந்தேன். அவளும் அங்கே அமர்ந்து கேட்டவள். மாலையில் நான் சொன்னதை நம்பியதால் காலையில் அவ்வாறு கேட்டாள். நம்பியதற்குத்தான் அடி வாங்கினாள்.

இதன் பிறகு எண்களை நானும் புதிதாகப் படிக்கலானேன். இருபத்தேழு என்னும் சொல்லுக்குள் இரண்டு பத்தும் ஓர் ஏழும் இருக்கின்றன. பழந்தமிழ்க் கணக்கர் அதை ௨௰௭ என எழுதினர். நடுவிலுள்ளது பத்துக்குரிய குறி. அரபு மொழி ஏழை முன்வைத்து 'ஏழும் இருபதும்' என்கிறது. ஆனால் 27 என்று எழுதும்போது பத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. இலக்கம் நிற்கும் இடம் மட்டுமே அதை உணர்த்துகிறது. இந்தியர் கண்ட இந்த முறையை விளக்க 9ஆம் நூற்றாண்டில் அல் குவாரிஸ்மீ தனி நூலே இயற்றினார். கற்றறிந்த பெரியோர்க்கே நூலெழுதி விளக்க நேர்ந்த ஒன்றைச் சிறு பிள்ளை ஒரே காலையில் உணர வேண்டுமென்று நான் பிரம்பைத் தூக்கினேன். சிறுவரிடம் கடுமை காட்டுவது அவர்களின் இயல்பையே கெடுக்கும் என்று இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் எச்சரித்தது 1377இல். 2009இல் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையைத் தடை செய்தபோது, என் பிரம்பு ஏற்கெனவே அலமாரியின் பின்னால் கறையான் அரித்துக் கிடந்தது.

குச்சியே எல்லாம் செய்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஏணிப்படியில் அட்டை அட்டையாக ஏறியும் ஒன்றும் விளங்காமலிருந்த பிள்ளைகளையும் கண்டிருக்கிறேன். கை செய்ததை வாய் சொல்ல வேண்டும். வாய் சொன்னதைப் படமாக வரைய வேண்டும். அதன்பின்பே எண்ணாக எழுத வேண்டும். அந்த வரிசையில் அருகிருந்து "ஏன் அவிழ்த்தாய்?" என்று கேட்க ஓர் ஆசிரியர் வேண்டும். 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியபோது இளம் ஆசிரியர் சிலர் என்னிடம் யோசனை கேட்டனர். திட்டத்தின் பெயர் எதுவாயினும் இந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள் என்பதே நான் சொன்னது.

சென்ற ஆண்டு ஓர் இளந்தாய் தன் மகனை இரண்டாம் வகுப்பில் விட வந்தார். பெயரைக் கேட்டதும் அடையாளம் தெரிந்தது. அன்று பள்ளி விட்டதும் அவரை நிறுத்தி, நடந்ததைச் சொல்லி, "நீ கேட்டதுதான் சரி அம்மா. நான் சொன்னது தவறு. என்னை மன்னித்துவிடு" என்றேன்.

அவர் தலைமுந்தானையைச் சரிசெய்தபடி சிறிது நேரம் பேசாமல் நின்றார். பின்னர், "நான் என்ன கேட்டேன்னு எனக்கு நினைவில்ல ஹஜ்ரத். அடிச்சது மட்டும் நினைவிருக்கு" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

பாயில் கிடந்த குச்சிக் கட்டுகளை எடுத்து அவருக்கும் காட்டினேன். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. வளையத்தைக் கழற்றிக் குச்சிகளைக் கொட்டியபோது, "இம்புட்டுத்தானா?" என்றார். மகன் பக்கத்தில் நின்று, "இது கூடத் தெரியாதா உம்மா?" என்று சிரித்தான். அவரும் சிரித்தார்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை பள்ளியிலிருந்து ஈர்க்கும் புளியங்கொட்டையும் மணல் ஒட்டிய விரலுமாக வீடு திரும்பினால், படிப்பை விட்டு விளையாடுகிறான் என்று கடிந்துகொள்ளாதீர்கள். பக்கத்தில் அமர்ந்து, இன்று என்ன செய்தாய் என்று கேளுங்கள். அவன் உங்களைத் திருப்பி ஏதேனும் கேட்டால், விடை தெரியாவிட்டாலும் கேட்டதற்காகக் கையை ஓங்காதீர்கள். நான் ஓங்கினேன். கழித்தலில் கடன் இல்லை என்பதைக் கற்றுக்கொண்டேன். ஆனால் அந்த இரண்டு அடி என் கணக்கில் இன்னும் கடனாகவே நிற்கிறது.