பின்வாங்கிய கடலின் கரையில்



பிழைப்பைத் தேடி ஊரைவிட்டு வந்த நம்மில் அநேகருக்குப் பயணம் என்றால் இரண்டே திசைகள்தாம். ஒன்று, நாள்தோறும் வேலைக்குச் செல்லும் திசை. மற்றொன்று, ஆண்டுக்கு ஒருமுறை கோரமண்டல் விரைவு ரயிலேறி ஊருக்குச் செல்லும் திசை. நாம் குடியிருக்கும் மாநிலத்தின் நிலத்தையும் நீரையும் நின்று பார்த்திருக்கிறோமா? கொல்கத்தாவின் டாக்குரியாவில் பதினான்கு ஆண்டுகளாக வாழ்ந்துவரும் நானும் என் கணவரும் கடந்த குளிர்காலத் தொடக்கத்தில்தான் அதற்குத் துணிந்தோம். ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு சிறு கூடாரம், ஐந்து நாள்கள். வங்கக் கடலின் வடகரையோரம் ஒரு பயணம். உங்களில் யாரேனும் இவ்வழியே செல்ல விரும்பினால் பயன்படட்டும் என்றும், அங்கே கர்த்தர் எனக்குச் செய்ததை மறைக்கலாகாது என்றும் இதனை எழுதுகிறேன்.

அலையில்லாத நீர்

டாக்குரியாவை அறிந்தவர்கள் அதன் ஏரியையும் அறிவார்கள். 1920களில் கல்கத்தா மேம்பாட்டு அறக்கட்டளை சதுப்பு நிலத்தை வெட்டி உருவாக்கிய ஏரி அது. 1958இல் இரவீந்திர சரோவர் என்று பெயர் மாற்றப்பட்டபோதும், பழகியவர்கள் இன்றும் அதனை டாக்குரியா ஏரி என்றே அழைக்கிறார்கள். நீர்ப்பரப்பு மட்டும் 73 ஏக்கர். அருகிலுள்ள லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காயும் காபித்தூளும் வாங்கிக்கொண்டு, மாலையில் அந்த ஏரிக்கரையில் நடப்பது என் வழக்கம். நான் அஞ்சாமல் நெருங்கக்கூடிய நீர் அது ஒன்றுதான். ஏனெனில் அதற்கு அலையில்லை.

நான் நாகப்பட்டினம் மாவட்டத்தின் ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவள். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது, தம்பிக்குப் பதினொன்று. அவனை ஞாயிறு பள்ளிக்கு அழைத்துச் செல்வது என் பொறுப்பு. அன்று காலை வரமாட்டேன் என்று அடம்பிடித்தான். நேரமாகிவிட்டதே என்று கரையில் விளையாட விட்டுவிட்டு நான் மட்டும் ஆராதனைக்குச் சென்றேன். அந்தச் சுனாமியில் எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களுள் என் தம்பியும் ஒருவன்.

அதன்பின் நான் கடலைப் பார்த்ததில்லை. திருமணமாகிக் கொல்கத்தாவுக்கு வந்தேன். விடுமுறைக்கு ஊர் சென்றாலும் தஞ்சைக்கு அருகிலுள்ள கணவர் வீட்டோடு நின்றுவிடுவேன். அம்மாதான் பேருந்து ஏறி வந்து என்னைப் பார்த்துச் செல்வார்கள். இப்போது அம்மாவுக்கு முழங்கால் வலி. பேருந்தில் ஏற இயலவில்லை. “ஒரு தடவை நீ வந்துட்டுப் போயேன், பாப்பா” என்று தொலைபேசியில் கேட்பார்கள். நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

புறப்பாடு

பயணத்தைத் திட்டமிட்டவர் என் கணவர். “கடலுக்குள் இறங்கு என்று நான் சொல்லமாட்டேன். நீ எங்கே நிற்கிறாயோ, அங்கே நானும் நிற்பேன்” என்றார். மூன்று வாரம் ஜெபித்தபின் இசைந்தேன். ஞாயிறு ஆராதனை தவறாதபடி திங்களில் புறப்பட்டு வெள்ளியில் திரும்புவது என்று முடிவு செய்து, பிள்ளைகள் இருவரையும் அத்தையின் பொறுப்பில் விட்டோம்.

அதிகாலை நான்கு மணிக்கு ஜெபித்துப் புறப்பட்டோம். 1992இல் திறக்கப்பட்ட வித்யாசாகர் பாலத்தின் மேல் ஹூக்ளி ஆற்றைக் கடந்து, 16ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்தால் கோலாகாட் வரை அகன்ற சாலை. அங்கே ரூப்நாராயண் ஆறு விரிந்து கிடக்கிறது. இல்ச மீனுக்குப் பேர்போன இடம் அது. ஆற்றைக் கடந்தபின் ஹால்தியா செல்லும் சாலையில் திரும்பி, நந்தகுமார் என்னும் ஊரில் வலப்புறம் பிரிந்தால் காந்தி நகர், அதற்கப்பால் கடற்கரை. பங்கிம் சந்திரர் 1866இல் வெளியிட்ட ‘கபாலகுண்டலா’ நாவலின் களம் இந்தக் காந்திப் பகுதிதான். டாக்குரியாவிலிருந்து திகா வரை ஏறத்தாழ 190 கிலோமீட்டர். ஐம்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தித் தேநீர் அருந்தியதால் களைப்பு தெரியவில்லை.

பாலிசாய் அருகே தாஜ்பூருக்குத் திரும்பியதும் காற்றில் உப்பு வாடை வந்தது. என் கைகள் அவருடைய சட்டையை இறுகப் பற்றின. “ஏங்க, வண்டியைக் கொஞ்சம் நிறுத்துங்க” என்றேன். காரணம் கேளாமல் நிறுத்தினார். சாலையோரத்தில் அரைமணி நேரம் நின்றோம். பின்பு நானே, “போகலாம்” என்றேன்.

தாஜ்பூரின் சவுக்குத் தோப்பு

தாஜ்பூரில் கரையை ஒட்டிச் சவுக்குத் தோப்புகள் உள்ளன. வங்காளிகள் சவுக்கை ‘ஜாவ்’ என்கிறார்கள். காற்று அதனூடே செல்லும் ஓசை மட்டும் எங்கள் ஊரில் கேட்ட அதே ஓசை. தோப்பின் உட்புறம் ஒரு கடைக்காரரிடம் அனுமதி பெற்று, கட்டணம் செலுத்திக் கூடாரம் அடித்தோம்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இருளில் அலையோசை நெருங்கி வருவதுபோலவே இருந்தது. கணவர் எழுந்து விளக்கை ஏற்றி, என்னருகே அமர்ந்தார். திருமணமாகி இத்தனை ஆண்டுகளில் தம்பி இறந்தான் என்பதை அவர் அறிவார். அவனை நான் விட்டுச்சென்றேன் என்பதை அறியார். அதனை அன்றுதான் சொன்னேன். அவர் ஆறுதல் மொழி எதுவும் சொல்லவில்லை. விடியும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிரியமானவர்களே, ஒரே வீட்டில் உண்டு உறங்கியும் சொல்லப்படாத ஒன்று உங்கள் இருவருக்கும் இடையே உண்டா? நகரத்தின் அவசரத்தில் அதனைச் சொல்ல இடமே கிடைப்பதில்லை.

சுவரும் மணலும்

மறுநாள் திகாவைப் பார்த்தோம். பீர்குல் என்று பழைய பெயர் கொண்ட இவ்விடத்தை வாரன் ஹேஸ்டிங்ஸ் 1780இல் கிழக்கின் பிரைட்டன் என்று புகழ்ந்ததாகச் சொல்லுவார்கள். 1923இல் இங்கு வந்த ஜான் ஃபிராங்க் ஸ்னைத் என்னும் ஆங்கிலேயர் இக்கரையில் மனம் பறிகொடுத்து இங்கேயே தங்கிவிட்டார். விடுதலைக்குப் பின் முதலமைச்சர் பிதான் சந்திர ராயிடம் அவர் எடுத்துரைத்ததால்தான் இது சுற்றுலாத் தலமாக வளர்ந்தது என்பர். 2025 ஏப்ரலில் ஜகந்நாதர் கோயில் திறக்கப்பட்டபின் கூட்டம் இன்னும் பெருகியுள்ளது. அமைதி வேண்டுவோர் வார நாள்களில் செல்வது நலம்.

திகாவின் கரையெங்கும் கருங்கல்லும் காங்கிரீட்டும் கொண்ட தடுப்புச் சுவர். 2021 மே 26 அன்று யாஸ் புயல் ஒடிசாக் கரையைக் கடந்தபோது, பௌர்ணமி ஓதமும் சேர்ந்துகொள்ள, கடல் அந்தச் சுவரையும் தாண்டித் தெருக்களில் புகுந்தது. மந்தார்மணியில் மணலை ஒட்டிக் கட்டிய விடுதிகள் பல சேதமுற்றன. மத்தேயு ஏழாம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன இரண்டு வீடுகளின் உவமையை இங்கே ஒருவரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

பிற்பகலில் மாநில எல்லையைக் கடந்து ஒடிசாவின் தால்சாரிக்குச் சென்றோம். மணல்வெளி முழுவதும் செந்நிறப் பூக்கள் சிந்தியதுபோல் சிவப்பு நண்டுகள். காலடி அதிர்ந்ததும் அத்தனையும் வளைக்குள் மறைந்தன. வண்டியை மணலில் இறக்காதிருங்கள். அந்த வளைகள் சக்கரத்தில் நசுங்கிவிடும்.

கடல் பின்வாங்கும் ஊர்

புதன்கிழமை ஜலேஸ்வர் வழியாகப் பாலேஸ்வர் சென்றோம். அந்த நிலையத்தின் பெயர்ப்பலகையை ரயில் சன்னலில் பலமுறை கண்டிருக்கிறோம், இறங்கியதில்லை. அங்கிருந்து 16 கிலோமீட்டரில் சந்திப்பூர். 1989 மே 22 அன்று அப்துல் கலாம் தலைமையில் உருவான அக்னி ஏவுகணை முதன்முதல் பாய்ந்தது இங்கிருந்துதான். இராமேசுவரத்துக் கடற்கரையில் பிறந்தவர் இந்தக் கரையில் எத்தனை நாள் நின்றிருப்பார் என்று எண்ணிக்கொண்டோம்.

சந்திப்பூரின் அதிசயம் வேறொன்று. இங்குக் கடலடி மிகச் சரிவற்றது. ஆகவே வற்றத்தின்போது நீர் ஐந்து கிலோமீட்டர் வரை பின்வாங்கிவிடும். ஏற்றத்தின்போது திரும்பி வரும். நாள்தோறும் இருமுறை இது நிகழ்கிறது.

ஒரு சிறு விடுதியின் தோட்டத்தில் கூடாரமடித்து, வியாழன் காலையில் கரைக்கு வந்தோம். கடல் இல்லை. கண்ணுக்கெட்டியவரை ஈர மணல். என் உடல் நடுங்கிற்று. கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடுங்கள் என்பதே 2004க்குப் பின் எங்கள் கரையெங்கும் கற்பித்த பாடம். ஆனால் இங்கே பெண்கள் கூடையோடு நண்டு பொறுக்கினார்கள். சிறுவர்கள் சைக்கிள் ஓட்டினார்கள். முதிய மீனவர் ஒருவர் சூரியனைக் காட்டி, அது எங்கே வரும்போது நீர் திரும்பும் என்று சைகையால் விளக்கினார். கணவர் என்னோடு கரையிலேயே நின்றார்.

நெடுநேரம் கழித்து நானே முதல் அடியை வைத்தேன். அரைமணி நேரம் கடலின் தரையில் நடந்தோம். திரும்பிப் பார்க்கையில் எங்கள் இருவருடைய தடங்களும் தெளிவாகத் தெரிந்தன. நீர் திரும்பும் வேளைக்கு முன்னரே கரை சேர்ந்து காத்திருந்தோம். அலையாக அது வரவில்லை; கண்ணாடித் தகடுபோல் மெல்லப் பரவி வந்து, தடங்களை ஒவ்வொன்றாய் மூடி, என் பாதத்தைத் தொட்டது. நான் தம்பியின் பெயரை வாய்விட்டுச் சொன்னேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அழாத அழுகையை அங்கே அழுதேன்.

கடலுக்குத் தேவன் மணலை எல்லையாக வைத்தார் என்று எரேமியா சொல்லுகிறார். அப்படியானால் அந்த ஞாயிறன்று எல்லை ஏன் மீறப்பட்டது? எனக்கு விடை அருளப்படவில்லை, யோபுக்கும் அருளப்படவில்லை. ஆனால் 77ஆம் சங்கீதத்தில் ஆசாப், தேவன் தண்ணீரினூடே நடந்தார் என்றும், அவருடைய காலடியை எவரும் காணவில்லை என்றும் பாடுகிறார். தடம் தெரியாததால் அவர் நடக்கவில்லை என்று ஆகிவிடாது. இதனையே ஆவியானவர் அக்கரையில் எனக்கு உணர்த்தினார். பதினொரு வயதுப் பிள்ளையின் அடத்துக்கு இணங்கிய அக்காள்மேல் நான் சுமத்திவந்த தீர்ப்பையும் அன்றே அவர் பாதத்தில் இறக்கிவைத்தேன்.

செல்ல விரும்புவோர்க்கு

நவம்பர் முதல் பிப்ரவரி வரை உகந்த காலம். ஏற்ற வற்ற நேரங்களை உள்ளூர் மீனவரிடம் கேளாமல் சந்திப்பூரில் மணலில் இறங்காதீர்கள். பின்னிருக்கையில் அமர்பவரும் தலைக்கவசம் அணியுங்கள். கூடாரத்தை அலை எட்டாத மேட்டில், உரியவரின் அனுமதியோடு மட்டும் அடியுங்கள். உப்புக் காற்று இரும்பை அரிக்கும். திரும்பியதும் வண்டியை நன்னீரில் கழுவிச் சங்கிலிக்கு எண்ணெய் இடுங்கள். இரவில் நெடுஞ்சாலைப் பயணம் வேண்டாம்.

வெள்ளியன்று கரக்பூர் வழியாக வீடு திரும்பினோம். அன்றிரவே அம்மாவை அழைத்தேன். “டிசம்பர்ல வர்றேன்மா. உன் வீட்டுக்கே வர்றேன், பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு” என்றேன். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. பின்பு, “தம்பி படத்தைத் துடைச்சு வைக்கிறேன்” என்றார்கள்.

பயணச்சீட்டு எடுத்துவிட்டோம். எங்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். நீங்களும் போகாமல் விட்டுவைத்திருக்கும் கரை ஒன்று இருக்குமானால், தனியே போகாதீர்கள். கைப்பிடிக்க ஒருவரோடு போங்கள். கர்த்தர் முன்னே செல்வார். ஆமென்.