குன்னூர் மழையில் 212 எச்சரிக்கைகள்

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகிற சாலையில், தேயிலைத் தோட்டத்தை ஒட்டி ஒரு வீடு. கொரோனா காலத்தில் லேப்டாப்போடு பெங்களூரிலிருந்து வந்த மகள், அப்படியே இங்கேயே தங்கிவிட்டாள். ஐப்பசி மழையில் கரண்ட் போகும், சிக்னல் போகும். வேலை மட்டும் போகாது. அவள் எழுதுவது ‘டிரைவர்’. “பொண்ணு டிரைவர் வேலை பார்க்குது” என்று அம்மா சொன்னதைக் கேட்டு, “எந்த ரூட்டுல?” என்று விசாரித்தவர்களும் உண்டு.

இந்த டிரைவர் வண்டி ஓட்டுவதில்லை. உங்கள் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போன் என்றால், அதன் அடிமட்டத்தில் லினக்ஸ் கெர்னல் என்ற ஒரு புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கிறது. கேமரா, டச் ஸ்கிரீன், ஸ்பீக்கர் என்று ஒவ்வொன்றோடும் அதற்குப் பேசத் தெரிய வேண்டும். அப்படிப் பேசித் தரும் துண்டு புரோகிராம்தான் டிரைவர். ஒரு ஆப் தகராறு செய்தால் மூடிவிட்டுத் திறக்கலாம். கெர்னலுக்குள் உட்கார்ந்திருக்கும் டிரைவர் தப்புச் செய்தால் மொத்தக் கருவியும் நின்றுவிடும். நிற்காமல், வேறொருவரின் தகவல் மேல் எதையாவது எழுதிவிட்டு ஓடிக்கொண்டே இருந்தால் அது இன்னும் மோசம்.

அவளிடம் வந்தது, ஆஸ்பத்திரிகளில் நோயாளியின் இதயத் துடிப்பைத் திரையில் காட்டும் ஒரு கருவியின் டிரைவர். பழைய 32 பிட் சிப்பிலிருந்து 64 பிட் சிப்புக்கு மாற்ற வேண்டும். மாற்றினாள், ஓடியது, திரையில் அலை அலையாகக் கோடும் வந்தது. பிறகு கம்பெனி வழக்கப்படி சோதனைக் கருவியில் கொடுத்தாள். 212 எச்சரிக்கைகள் வந்து விழுந்தன.

இந்தச் சோதனைக் கருவி புரோகிராமை ஓட்டிப் பார்ப்பதில்லை. எழுதியதை வரி வரியாகப் படித்து, ‘இந்த இடம் இடிக்கிறதே’ என்று சொல்லும். 1978-ல் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் ஸ்டீஃபன் ஜான்சன் இப்படி ஒன்றைச் செய்து அதற்கு ‘லின்ட்’ என்று பெயர் வைத்தார். துணியில் ஒட்டியிருக்கும் பஞ்சுத் துணுக்குக்குத்தான் ஆங்கிலத்தில் அந்தப் பெயர். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே 2003-ல் கெர்னலுக்கென்று ‘ஸ்பார்ஸ்’ என்று ஒன்றை எழுதினார்.

அப்பாவுக்கு இதைச் சொன்னபோது உடனே பிடிபட்டது. தேயிலை ஃபேக்டரியில் சார்ட்டிங் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். தூளிலிருந்து நாரைப் பிரிக்க அங்கே ஒரு மெஷின் உண்டு. உரசலில் மின்னேற்றம் பெற்ற உருளைகளுக்கு அடியில் தூள் ஓடும். லேசான நார் மேலே போய் உருளையில் ஒட்டிக்கொள்ளும்.

“கொஞ்சம் நல்ல தூளும் சேர்ந்து ஒட்டிக்கும் கண்ணு. அதுக்காக மெஷினை ஆஃப் பண்ணிட முடியுமா?”

212-ல் பெரும்பகுதி ஒரே ரகம்: முகவரியை எண்ணாக மாற்றும்போது அளவு பொருந்தவில்லை. கம்ப்யூட்டர் மெமரியில் ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு முகவரி இருக்கிறது. அந்த முகவரியைப் பிடித்து வைத்திருப்பதுதான் பாயின்ட்டர். 32 பிட் சிப்பில் அதற்கு 4 பைட் இடம் போதும். 64 பிட்டில் 8 பைட் வேண்டும். எட்டைக் கொண்டுபோய் நாலில் திணித்தால் முன்பாதி வெட்டுப்படும்.

லேண்ட்லைன் காலத்து ஆட்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஊட்டிக்குள் பேச எஸ்.டி.டி. கோடு வேண்டாம், நம்பரை மட்டும் சுழற்றினால் மணி அடிக்கும். அதே நம்பரை 0423 இல்லாமல் சென்னையிலிருந்து சுழற்றினால் கிடைக்காது. 

இந்த எச்சரிக்கையை வாயடைக்க ஒரு சின்ன வழி இருக்கிறது. அதன் பெயர் ‘காஸ்ட்’. (சாதியும் இல்லை, விலையும் இல்லை. இது வேறு காஸ்ட்.) ‘இதை எண்ணாகவே எடுத்துக்கொள், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று அடைப்புக்குறிக்குள் ஒரு வார்த்தை போட்டால் போதும், மறுபேச்சு இருக்காது. இரண்டு காஸ்ட்களை அடுத்தடுத்துப் போட்டால் அளவு பற்றிய புகாரும் அடங்கிவிடும். வெட்டுப்பட்ட பாதி மட்டும் வெட்டுப்பட்டபடியே இருக்கும்.

டீம் லீடரின் மெசேஜ் புதன்கிழமை வந்தது. ‘ரன் ஆகுதுல்ல? எல்லாத்துக்கும் காஸ்ட் போட்டு, வெள்ளிக்குள்ள ஜீரோ காட்டிடுங்க.’ அவரையும் குறை சொல்ல முடியாது. அவருக்கு மேலே இருப்பவர் பார்ப்பது அந்த ஒரு எண்ணைத்தான்.

சாப்பாட்டு நேரத்தில் அப்பா கேட்டது இதுதான்: “டஸ்ட் இருக்கிற சாக்குல பி.ஓ.பி.னு எழுதி ஏலத்துக்கு அனுப்பினா, உள்ள இருக்கிற தூள் மாறிடுமா?”

மாறாதுதான். ஆனால் அவளுடைய சிக்கல் அதைவிடக் கொஞ்சம் கடினம். எச்சரிக்கைகளில் முக்கால்வாசி உண்மையிலேயே தீங்கில்லாதவை. அவற்றுக்காக இரண்டு நாள் கண்விழித்தால் அது நேர்மையா, வீம்பா?

அவள் வரிசையாக உட்கார்ந்து படித்தாள். நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் ‘அன்சைண்ட் லாங்’ என்ற வகைக்கு மாற்றியதே போதுமானதாக இருந்தது. லினக்ஸில் எந்தச் சிப்பிலும் பாயின்ட்டர் முழுசாக அடங்கும் அளவு அது. இன்னொரு கூட்டம் ஸ்பார்ஸ் சொன்னவை. கெர்னலில் சில முகவரிகளுக்கு முத்திரை உண்டு: ‘இது கருவியின் முகவரி’, ‘இது வெளியே இருக்கும் ஆப் கொடுத்த முகவரி’. வெளியாள் கொடுத்த முகவரியைச் சோதிக்காமல் கெர்னல் நம்பினால், திருடனுக்குச் சாவி கொடுத்த மாதிரி. காஸ்ட் அந்த முத்திரையை அழித்துவிடும். அதைத்தான் ஸ்பார்ஸ் எதிர்க்கிறது. அங்கெல்லாம் முறையான செயல்பாடுகளை வைத்து மாற்றி எழுதினாள். அலுப்பான வேலைதான். வியாழன் இரவு கரண்ட் போனபோது பாதி முடிந்திருந்தது.

மற்றதெல்லாம் சும்மா என்று தோன்றிய நேரத்தில் அது வந்தது. திரையைக் காட்டும் ஆப், ‘பதிவுகளை இந்த முகவரியில் போடு’ என்று டிரைவரிடம் சொல்லும் இடம். அந்த முகவரிக்கு ஒதுக்கியிருந்தது 4 பைட். இத்தனை நாள் எப்படி ஓடியது? சோதனையில் எல்லோரும் சில நிமிடப் பதிவுதான் எடுத்திருந்தார்கள். சின்ன இடம் கேட்டால் ஆப்புக்குக் கீழ் முகவரியிலேயே கிடைத்துவிடும், முன்பாதி வெறும் பூஜ்யம். ஊட்டிக்குள் ஊட்டி நம்பர். பல மணி நேரப் பதிவுக்குப் பெரிய இடம் கேட்டால், மெமரியின் மறுகோடியில் கிடைக்கும். முன்பாதி போய்விட்டால் கெர்னல் பெரும்பாலும் ‘அப்படி ஒரு முகவரி இல்லை’ என்று திருப்பிவிடும், பதிவு நிற்கும். கெட்ட நேரமாக இருந்தால், அந்த அரை முகவரியிலும் யாரோ குடியிருப்பார்கள்.

பல மணி நேரப் பதிவு யாருக்கு எடுப்பார்கள் என்று அவள் யோசித்தாள். ராத்திரி முழுக்கக் கண்காணிக்க வேண்டிய நோயாளிக்கு.

அந்த இடத்திலும் யாரோ ஏற்கெனவே ஒரு காஸ்ட் போட்டிருந்தார்கள். இன்னொன்று சேர்த்திருந்தால் எண்ணிக்கை ஜீரோவாகியிருக்கும்.

1996 ஜூன் 4 அன்று, முதல் ஏரியான்-5 ராக்கெட் கிளம்பி 40 விநாடிகூட ஆகாமல் வெடித்துச் சிதறியது. அதில் சிக்கியது பாயின்ட்டர் இல்லை, ஒரு எண். 64 பிட்டில் இருந்த வேகக் கணக்கை 16 பிட்டுக்கு மாற்றியபோது அது கொள்ளவில்லை. ஏரியான்-4-ல் ஒழுங்காக ஓடிய புரோகிராம்தான், அப்படியே எடுத்து வைத்தது. அதில் ஆபத்தான மாற்றங்கள் ஏழு என்று கண்டுபிடித்து, நாலுக்கு மட்டும் பாதுகாப்புப் போட்டு, மூன்றை விட்டிருந்தார்கள். கவனிக்காமல் விட்டதில்லை, யோசித்து முடிவெடுத்து விட்டது.

வெள்ளிக்கிழமை காலை அவள் லீடரை அழைத்தாள். “ஜீரோ வராது சார். ஒரு வாரம் வேணும். ஆப் டீமும் சேர்ந்து மாத்தணும்” என்றாள். டிரைவர் பக்கம் 8 பைட் ஆக்கினால் ஆப் பக்கமும் ஆக்கியாக வேண்டும்; இரண்டுக்கும் இடையே உள்ள ஒப்பந்தம் அது. அவர் முதலில் எரிச்சல்பட்டார். பெரிய பதிவு ஒன்றை எடுத்து, அது பாதியில் நிற்பதைத் திரையைப் பகிர்ந்து காட்டினாள். சிறிது நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. “மேல நான் பேசிக்கறேன்” என்றார்.

ஒரு வாரம் எட்டு நாளானது. எண்ணிக்கை ஜீரோவுக்கு வந்தது. 11 இடங்களில் காஸ்ட் இன்னும் இருக்கிறது. வேறு வழியில்லாத இடங்கள். ஒவ்வொன்றின் தலைமேலும், இங்கே இது ஏன் சரி என்று ஒரு வரி எழுதியிருக்கிறாள். அந்த 11 வரிகளுக்கே ஒரு நாள் முழுதாகப் போனது.